கசிந்ததா, செய்ததா?

காரைக்கால் டீக்கடை பெஞ்சில் ஒரு பேப்பரை நாலு பேர் படிப்பார்கள். தலைப்பை எல்லோரும் படிப்பார்கள், உள்ளே இருப்பதை யாரோ ஒருவர்தான் படிப்பார். அதனால் தலைப்பில் என்ன சொல் போடுகிறார்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

"ஆபாசப் படம் லீக்" என்று ஒரு தலைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகில் தண்ணீர் கசிய வேண்டுமானால் அந்தப் பக்கம் தண்ணீர் இருக்க வேண்டும். லீக் என்றாலே ஏற்கனவே ஒரு படம் இருந்தது, அவள் எடுத்து வைத்திருந்தாள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் ஏஐ படத்தில் கசிவதற்கு எதுவுமே இல்லை! யாரோ ஒருவன் உட்கார்ந்து செய்திருக்கிறான். அந்த 'ஒருவன்' தலைப்பில் வருவதே இல்லை. "வைரலானது", "பரவியது"... எல்லாம் தானாக நடந்த மாதிரி. இப்போது புதிதாக "ஏஐ விபரீதம்" வேறு. பழி மெஷின் மேல் போய்விட்டது.

2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனா விவகாரம் வந்தது. ஜாரா படேல் என்ற பிரிட்டிஷ் இந்தியப் பெண்ணின் லிஃப்ட் வீடியோவில் முகத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். (அந்த ஜாராவும் பாதிக்கப்பட்டவர்தான் என்பது பாதிப் பேருக்கு நினைவில்லை.) டெல்லி போலீஸ் போட்ட வழக்கில் போர்ஜரி, நற்பெயரைக் கெடுத்தல், அடையாளத் திருட்டு, அந்தரங்க மீறல் என்று பிரிவுகள் இருந்தன. எவ்வளவு தெளிவான சொற்கள்! ஒருவர் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டு செக்கை மாற்றினால் "செக் லீக்" என்று யாராவது எழுதுவார்களா? மோசடி என்றுதான் எழுதுவார்கள். 2024 ஜனவரியில் ஆந்திராவில் ஒருவர் கைதானார். இன்ஸ்டாகிராமில் ஃபாலோயர்ஸ் ஏற்றத்தான் செய்தாராம்.

சினிமாக்காரர் என்பதால் அமிதாப் பச்சன் வரை பேசினார்கள். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏஐ எல்லாம் வராத காலம். ஒரு இளம்பெண்ணின் முகத்தை வேறு உடலில் ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். பேப்பர்கள் அதற்கு வைத்த பெயர் "மார்பிங்". ஏதோ ஸ்டுடியோ வேலை போல. புகார் கொடுத்தும் படம் நீங்கவில்லை. தன் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை, நம்புங்கள் என்று பெற்றோருக்கு எழுதி வைத்துவிட்டு அந்தப் பெண் உயிரை விட்டார். தாமதத்துக்கு மாவட்ட எஸ்.பி. பிறகு மன்னிப்புக் கேட்டார்.

படம் போலி என்று தெரிந்த பிறகும் "நம்புங்கள்" என்று ஒரு பெண் கெஞ்ச வேண்டியிருந்தது ஏன்? 'ஆபாசம்' என்ற சொல் செய்தவனை விட்டுவிட்டு, படத்தில் தெரிகிற முகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளிநாட்டில் 'ரிவெஞ்ச் போர்ன்' என்ற சொல்லைக் கைவிட்டு 'படவழிப் பாலியல் வன்முறை' என்ற பொருளில் எழுதச் சொல்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். தமிழில் அது கொஞ்சம் நீளம்தான், தலைப்பில் அடங்காது. "போலிப் படம் தயாரித்தவர் கைது" அடங்குமே?

ராஷ்மிகா அப்போது எழுதிய குறிப்பில், இது பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும்போது நடந்திருந்தால் எப்படிச் சமாளித்திருப்பேன் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்று சொல்லியிருந்தார். அந்த வரியைத் தலைப்பாகப் போட்டிருக்கலாம்.