வாட்டம்

வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்துத் தரையைப் பார்த்துப் பாராட்டுவார்கள். பின்கட்டுத் தரையை எட்டிப் பார்த்த விருந்தாளியை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் வழுக்கி விழுவதற்கு வீட்டில் எந்த இடம் தோதானது என்று கேட்டால், கூடத்தை யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் அத்தைக்கு வயது 78. போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து, ஆணி வைத்து, இப்போதுதான் கைத்தடியோடு நடமாடுகிறாள். அவள் விழுந்தது சமையலறைக்குப் பின்னால் உள்ள எட்டடிக்கு ஐந்தடி இடத்தில். வாஷிங் மெஷின், பாத்திரம் தேய்க்கும் குழாய், துவைக்கிற கல் எல்லாம் அங்கேதான். வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அங்கேயும் பளபளவென்று டைல்ஸ் பதித்திருந்தார். தண்ணீர் போகும் துவாரத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு, தரையை எதிர் மூலைக்குச் சாய்த்திருந்தார். சோப்புத் தண்ணீர் அங்கே குளம் கட்டி நிற்கும்.

அத்தை இனி அந்தப் பக்கமே போகக் கூடாது, புடவையை மெஷினில் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொன்னார்கள். அத்தை வாதாடவில்லை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தன் புடவையைத் தானே நனைத்து, பிழிந்து, உலர்த்தியவள். அதுவும் போனால் அவளுக்கு மிச்சம் நாற்காலியும் டெலிவிஷனுந்தான். அத்தையை மாற்றுவதைவிடத் தரையை மாற்றுவது சுலபம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம்.

கடைக்காரர் துளை போட்ட பிளாஸ்டிக் சதுரங்களைக் காட்டினார். தண்ணீர் கீழே இறங்கிவிடும், வாஸ்தவம். அடியில் சேருகிற பாசியைக் கழற்றிக் கழுவுவது யார்? என் மனைவிக்கு ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஆசை. செட்டிநாட்டுக்காரர்களே அந்த வழவழப்பைக் கூடத்தோடு நிறுத்திக்கொண்டு, மழை விழும் முற்றத்துக்குப் பெரும்பாலும் கருங்கல்லைத்தான் போட்டார்கள் என்று நினைவுபடுத்தினேன்.

கடைசியில் கொத்தனார்தான் வழக்கை முடித்துவைத்தார். "கல்லுல என்ன சார் இருக்கு? எல்லாம் வாட்டத்துலதான் இருக்கு" என்றார். அடிக்குக் கால் அங்குலம் சரிவு. எட்டடிக்கு இரண்டு அங்குலம். குறைந்தால் தண்ணீர் தேங்கும், மிகுந்தால் கைத்தடி தடுமாறும். மெஷினுக்கு மட்டும் சமமாக ஒரு மேடை. ரசமட்டமும் கயிறும் வைத்து ஒரு நாள் முழுவதும் சரிவை மட்டுமே பார்த்தார். துவாரத்தின் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிற பொறி வைத்தார். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பான் பூச்சியையும் தடுக்கிற காவல்காரன். பல நாள் புழங்காமல் வற்றிவிட்டால் காவலும் போய்விடும்.

கல், மெருகு போடாத கடப்பாக் கல். அது சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. ஆசிட் பட்டால் அரித்து வெளுத்துவிடும். ஆகவே ஆசிட் பாட்டிலுக்கு அன்றே விடை கொடுத்தோம். சோப்பும் தென்னநார்ப் பிரஷும் போதும்.

கல் இறுகிய பிறகு, கொத்தனார் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது எங்கும் நிற்காமல், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி, மூலைக்கு ஓடி மறைந்தது. அத்தை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரமாக நாங்கள் பொருத்தியிருந்த ஸ்டீல் கம்பியைத் தடவி, "இது எதுக்குடா?" என்று கேட்டாள்.

"பிடித்துக்கொள்ளத்தான், அத்தை."

மறுநாள் காலையில் பார்த்தேன். அத்தை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பியின் மறுகோடியில், அவள் அப்போதுதான் பிழிந்து போட்ட புடவை சொட்டிக்கொண்டிருந்தது.