அலையேறப் போகுமுன்

கடற்கரைக்குப் போவது வேறு. கடலுக்குப் போவது வேறு. முலுண்டில் வாழும் எங்களுக்கு முன்னதுதான் பழக்கம். மேற்கே மலையும் காடும், கிழக்கே உப்பளமும் கழியும் சூழ்ந்த ஊர் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமையானால் மின்சார ரயிலேறி, தாதரில் மாறி, ஜுஹு செல்வோம். பேல்பூரி தின்போம், முழங்கால் நனைய நிற்போம், மணலைத் தட்டிவிட்டுத் திரும்புவோம். கடல் எங்களுக்கு ஒரு காட்சி, அவ்வளவே. அதன் முதுகில் ஏறி நிற்க வேண்டும் என்ற ஆசை எங்கள் ஐவருக்கும் இந்த ஆண்டுதான் பிறந்தது.

அலைச்சறுக்கைத் திரையிலேனும் காணாத மாணவர் இன்று இரார். ஒரு பலகை, அதன்மேல் ஓர் ஆள், பின்னால் எழுந்து வரும் அலை. பசிபிக் தீவு மக்கள் பல நூற்றாண்டுகளாக ஆடிவந்த ஆட்டம் இது. 1779-இல் கேப்டன் குக்கின் கப்பலில் ஹவாய் சென்ற ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி இதைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். பின்னால் வந்த பாதிரிமார் பலர் வீண்பொழுது என்று முகம் சுளித்தனர், ஆட்டம் மங்கியது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய் வீரர் டியூக் கஹானமோக்கு, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றபோது இக்கலையையும் உடன் கொண்டு சென்றார். டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தபோது, இதுவும் அந்த மேடையில் ஏறிவிட்டது.

சரி, எந்த ஊருக்குப் போவது? முதலில் எழுந்த பெயர் இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்கு அருகிலுள்ள அறுகம்குடா. உலகின் பல மூலைகளிலிருந்தும் பலகையும் கையுமாக வருவோர் மாதக்கணக்கில் சோம்பிக் கிடக்கும் சின்னஞ்சிறு ஊர். கேட்க இனித்தது. விமானக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்ததும் இனிப்புக் குறைந்தது. தலைக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது என்று நாங்கள் முன்பே வரம்பு கட்டியிருந்தோம்.

ஆகவே கோவளம் என்று முடிவாயிற்று. கேரளத்துக் கோவளம் அன்று. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம். 1752-இல் கிளைவ் வந்து பிடித்த கோட்டை அங்கே இருந்தது. இன்று அவ்வூருக்குப் போர் நினைவே இல்லை. மாதா கோயிலும் தர்காவும் மீனவர் குடியிருப்பும் அடுத்தடுத்து அமைதியாக இருக்கின்றன. அவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன் என்பவர் 2012-இல் ஓர் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். குடியும் புகையும் கூடாது என்பது அங்கே பயிலும் ஊர்ச் சிறுவர்க்கு விதி. பக்கத்து ஊரான மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. அதில் நம் நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

ஊர் முடிந்தது, ரயில் முடிந்தது, கணக்கும் முடிந்தது. ஒன்றுதான் முடியவில்லை.

எங்கள் ஐவரில் ஒருவன் நாகப்பட்டினத்து மீனவர் குடும்பத்துப் பிள்ளை. பிறந்தது முலுண்டில்தான். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் அவனுடைய தாத்தா ஒருவர், பெரியப்பா ஒருவர். சில மாதங்களில் அவன் பெற்றோர் கரையை விட்டு, இங்கிருந்த உறவினரை நாடி வந்துவிட்டார்கள். அன்று முதல் அவன் தாய் ஜுஹுவுக்குக்கூட வந்ததில்லை.

“கோவா போகிறோம் என்று சொல்லிவிடு, கடல் பேச்சே வேண்டாம்” என்று யோசனை சொன்னான் ஒருவன். நாகை நண்பன் தலையசைத்தான். “அம்மா ஒப்பினால் வருவேன். ஒளித்துவிட்டு வரமாட்டேன்” என்றான். அதற்குமேல் என்ன பேசுவது? ஒரு மாலை ஐவரும் அவன் வீட்டுக்குச் சென்றோம்.

அந்த அம்மா தேநீர் கொடுத்தார். எங்கள் திட்டம் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கணக்கெழுதிய தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“காசுக் கணக்கெல்லாம் நல்லாப் போட்டிருக்கீங்க, தம்பி. காத்துக் கணக்குப் போட்டீங்களா?”

எங்களில் இருவர் டிசம்பர் விடுமுறை என்றும், மற்றவர் மே விடுமுறை என்றும் வழக்காடிக் கொண்டிருந்தோம். அவர் ஒரே சொல்லில் தீர்த்தார். “வாடையில எங்க ஆளுங்களே கடலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நீங்க எங்க போறீங்க?” வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு காற்றையும் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள். அவரோ அவற்றைக் கொண்டு உயிர் காத்த குடியில் பிறந்தவர். வடகிழக்குப் பருவமும் வங்கக் கடல் புயலும் ஓயாத டிசம்பர் நீங்கிற்று, மே நின்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும்கூட. “விடியக்காலம் இறங்கி, வெயில் ஏறுமுன்ன கரையேறிடணும்” என்றார். விடியலில் நிலத்திலிருந்து வீசும் காற்று அலையைச் சீராக்கும். பகலில் எழும் கடற்காற்று அதைக் கலைக்கும் என்பதே இதற்குக் காரணம்.

அடுத்த கேள்வி: “எல்லாரும் தண்ணியில இருந்தா, கரையில யாரு நிப்பா?”

இதை எங்கள் தாளில் எழுதவே இடம் இல்லை. உடனே இடம் உண்டாக்கினோம். மூவர் நீரில் என்றால் இருவர் கரையில். பலகையை வாடகைக்கு எடுத்துத் தாமே இறங்குவது கிடையாது. ஊர்க்காரர் ஒருவர் கற்றுத்தர, இடுப்பளவு நீரில், உடைந்து வரும் நுரையலையில்தான் பயிற்சி.

மூன்றாவது கேள்வி: “உள்ளே இழுத்தா என்ன செய்வீங்க?”

“மூச்சைப் பிடித்துக் கரையை நோக்கி நீந்துவோம்” என்றான் ஒருவன் வீரமாக.

“செத்துப் போவீங்க” என்றார் அவர், குரலை உயர்த்தாமலே.

நண்பர்களே, இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அலைகள் கரையில் கொட்டிய நீர், ஏதேனும் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடும். அவ்விடத்தில் அலை குறைந்து அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியே பொறி. அதை எதிர்த்து நீந்துபவன் களைத்து மூழ்குகிறான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்தை விட்டு வெளியேறலாம். இயலாதவன் மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். கணுக்காலில் கட்டிய பலகையை விடவே கூடாது; அதுவே தெப்பம். எங்களில் இருவருக்கு நீச்சல் அரைகுறை. மறுவாரமே அவர்கள் முலுண்ட் காளிதாஸ் அரங்கையொட்டிய மாநகராட்சி நீச்சல்குளத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

நான்காவது விதியை நாங்களே சேர்த்தோம். 2024 மே மாதத்தில் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். விடுமுறை மகிழ்ச்சியில் வந்த நம் வயதினர். தொலைதூரத்தில் பிறந்து, காற்றில்லாத நாளிலும் திடீரென்று கரையேறும் ‘கள்ளக்கடல்’ குறித்து ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்பே எச்சரித்திருந்தது. ஆகையால் ஒவ்வொரு விடியலிலும் அம்மையத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே இறங்குவது; எச்சரிக்கை இருந்தால் அன்று கரையில் சீட்டாட்டம்.

எல்லாம் பேசி முடித்தபின் அந்த அம்மா சற்றுநேரம் வாளாவிருந்தார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: “அலை வேற, அன்னிக்கு வந்தது வேற. அன்னிக்கு வந்தது அலையில்ல. கடலே எழுந்து வந்துச்சு.”

இயற்பியல் நூலும் அதையேதான் சொல்கிறது. காற்று எழுப்பும் அலையில் முகட்டுக்கு முகடு சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை. ஆழிப்பேரலையில் அது ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கடலே எழுந்து வருவது என்பதைவிடப் பொருத்தமாக அதை யார் சொல்ல முடியும்?

“டிக்கெட்டு அஞ்சு எடுக்காதீங்க, ஆறு எடுங்க. கரையில நான் நிக்கிறேன்” என்றார்.

நாகை நண்பன் எழுந்து உள்ளே போய்விட்டான். நாங்கள் ஆறிய தேநீரைக் குடித்தோம்.

மே மாதத்தில் கல்யாண் நிலையத்தில் சென்னை ரயிலேறுகிறோம். மன்றத்து நண்பர்கள் எவரும் உடன் வரலாம், தடையில்லை. பணம் குறைந்தால் பகிர்ந்துகொள்வோம். ஆனால் வருவோர் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுப் பெயர் கொடுக்க வேண்டும்: எந்தக் காற்று? கரையில் யார்? இழுத்தால் என்ன செய்வாய்? விடைகளைச் சரிபார்ப்பவர் நான் அல்லேன்; எங்கள் ஆறாவது டிக்கெட்டுக்காரர்.