ஆறு சப்பாத்தியும் ஒரு மொய் நோட்டும்

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் சமையல் மாஸ்டர்களுக்குத் தூக்கம் கிடையாது. மொய் விருந்துக் காலம் அது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடும். சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் நேரே மொய் எழுதும் மேசைக்குப் போவார்கள். இன்று வாங்கும் பணத்தை நாளை அவரவர் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் நம்பி லட்சங்கள் புரளும் ஊர்.

அந்தப் பக்கத்து மாஸ்டர் ஒருவருக்கு வயது ஐம்பத்து நாலு. விறகு அடுப்பில் 2,000 பேருக்குக் கறிச்சோறு ஆக்குவது அவருக்குக் கைப்பழக்கம். உப்பை அளந்து போட்டதே இல்லை. கையில் அள்ளினால் போதும், எவ்வளவு என்று விரல்களுக்குத் தெரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. தென்னை போனால் தேங்காய் மட்டும் போவதில்லை. கையில் காசு இல்லாத ஊரில் யார் விருந்து வைப்பார்கள்? வைத்தாலும் யார் மொய் செய்வார்கள்? முந்தைய ஆடி, ஆவணியில் 20 பந்தலுக்குச் சமைத்தவருக்கு 2019இல் வந்தது மூன்றே மூன்று. மூத்த மகள் கல்யாணக் கடன் அப்படியே இருந்தது. சின்னவள் புதுக்கோட்டையில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சோலார் சைட் ஒன்றில் மேஸ்திரியாக இருந்த மச்சினர் கூப்பிட்டார். "மாமா, 400 பேருக்கு மெஸ் நடத்தணும். ஆள் கிடைக்கல. நீங்க வந்துடுங்க."

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது பலருக்கு நினைவிருக்கும். 2,500 ஏக்கர், சுமார் 25 லட்சம் பலகைகள். ஏறக்குறைய 8,500 பேர் உழைத்து எட்டே மாதத்தில் முடித்தார்கள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகத்திலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. 25 லட்சம் பலகைகளைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அதைப் பூட்டிய கைகள் காலையில் எதைத் தின்றுவிட்டு வந்தன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாஸ்டர் போனது அதைவிடச் சின்ன தளம். அறந்தாங்கி, பரமக்குடி தாண்டி, சீமைக்கருவேலத்தை வெட்டிச் சமப்படுத்திய பொட்டல். தகரக் கொட்டகைகள், வரிசையாகக் கட்டில்கள். சூரியனை நம்பி எழும் அந்த இடத்தில் ராத்திரி விளக்கு எரிந்தது டீசல் ஜெனரேட்டரில்!

ஒப்பந்தத் தாளைப் படித்துக் காட்டியபோதுதான் சமையல் பாதி வேலைதான் என்று தெரிந்தது. அறை பெருக்க, கழிவறை கழுவ, குப்பை அள்ள, தண்ணீர் லாரிக்குச் சொல்ல எல்லாம் மெஸ்காரர் பொறுப்பு. "சோறு ஆக்க வந்தவனை ஊராட்சித் தலைவராவே ஆக்கிட்டாங்க" என்று மனைவிக்குப் போனில் சொன்னார்.

அது ஒன்றும் தொழிலாளிக்குக் காட்டும் கருணை இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. 250 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது அது. தங்குமிடம் இலவசமாகத் தரவேண்டியிருந்தது. சமைக்க, குளிக்க, துவைக்க, கழிவறைக்குத் தனித்தனி வசதி வேண்டியிருந்தது. சட்டம் இருந்த அளவுக்குத் தண்ணீர்தான் அங்கே இல்லை. போர்வெல் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆளுக்கு 70 லிட்டர் என்று இழுத்துப் பிடித்தாலும் தினம் 28,000 லிட்டர் லாரியில் வந்தாக வேண்டும். லாரி ஒரு மணி நேரம் தாமதமானால் கழிவறை வாசலில் சண்டை ஆரம்பிக்கும்.

முதல் நாள் மாஸ்டர் தன் கைவரிசையைக் காட்டினார். முருங்கைக்காய் சாம்பார், ரசம், அவரைப் பொரியல். மதியம் குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தது. பீகாரும் ஜார்க்கண்டும் புளியை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைக் கவிழ்த்திருந்தன. முப்பது வருடத்தில் அவர் சமைத்த சோறு அப்படிக் குப்பைக்குப் போனதில்லை. அன்று ராத்திரி அவரும் சாப்பிடவில்லை.

காய்ச்சலில் படுத்திருந்த ஒரு ஜார்க்கண்ட் பையன்தான் குருவானான். கோதுமை மாவை எவ்வளவு நேரம் ஊறவிடுவது, கடுகு எண்ணெயைப் புகைய விட்ட பிறகே வெங்காயம் போடவேண்டும் என்பதெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்தது. ஆளுக்கு ஆறு சப்பாத்தி என்றால் 400 பேருக்கு 2,400. எண்பது கிலோ மாவு. அதிகாலை மூன்று மணிக்குப் பிசைய ஆரம்பித்தால்தான் ஆறரைக்கு முதல் பந்தி. கறிச்சோற்றில் பேர் வாங்கிய கை, சப்பாத்தி உருண்டை ஒரே அளவாக வர ஒரு மாதம் எடுத்துக்கொண்டது.

ஒடிசா ஆட்கள் வேறு மாதிரி. ஒருநாள் ஒருவர் வந்து, ராத்திரி மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு அவர்கள் சாப்பிட்டதைப் பார்த்து மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம்ம பழைய சோறு! அவர்கள் ஊரில் அதற்குப் பெயர் பகாளா. மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். நாம் நீராகாரத்தைச் சொல்லிக்கொள்ளவே வெட்கப்பட்ட காலம் ஒன்று உண்டு.

ஒரு தப்பும் நடந்தது. காலையில் அவித்து மசித்த உருளைக்கிழங்கை மூடி வைத்து, மதியம் வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். வெயிலில் வண்டி சுற்றிச் சேர ஒரு மணி ஆகிவிட்டது. சாயங்காலம் பதினோரு பேருக்கு வாந்தி, பேதி. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தலில் இறக்கிய சோறு அரை மணியில் தீர்ந்துவிடும். இங்கே அது சூடு ஆறி ஆறிப் பயணம் போகிறது. அந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு கொதிக்கக் கொதிக்க, சூடு தாங்கும் பெட்டியில்தான் போகும். சந்தேகம் வந்தால் அண்டாவோடு கவிழ்ப்பார். நஷ்டம் அவர் தலையில்.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிப்பு வந்தது. ஒரு பகுதி ஆட்கள் அதற்கு முன்பே ஹோலிக்குப் போயிருந்தார்கள். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் பைக்கில் கிளம்பினார்கள். மச்சினரும் போனார். கொட்டகைகளில் மிஞ்சியது 112 பேர். ஒப்பந்தக்காரர் போனில், "பாத்துக்குங்க மாஸ்டர், பில் போட்டுடலாம்" என்றார். அதற்கு முந்தைய இரண்டு மாத பில்லே வரவில்லை. அடுத்த வாரம் அந்த போனும் எடுக்கப்படவில்லை.

"ஏங்க, நம்ம கடனே கழுத்து வரைக்கும் கெடக்கு. ஊரான் புள்ளைங்களுக்கு எத்தனை நாளைக்குப் போட முடியும்? பூட்டிட்டு வந்துருங்க" என்றார் மனைவி. அதில் தப்பும் இல்லை. மாஸ்டருக்கும் இரண்டு நாள் அந்த எண்ணம்தான். மூட்டை கட்டிக்கூட வைத்தார். சாவியை யாரிடம் கொடுப்பது என்ற இடத்தில் வந்து நின்றது. மறுநாள் மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால், பையன்கள் நாலு பேர் தாங்களாகவே மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய் நின்றார். "உங்க கம்பெனியை நம்பித் தரல, மாஸ்டரே. உங்களை நம்பித்தான் தர்றேன்" என்று மூட்டைகளை ஏற்றிவிட்டார் அவர். அது ஆறுதலா, பயமுறுத்தலா என்று மாஸ்டருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அரசு அறிவித்த அரிசி, பருப்பு, எண்ணெய் ஒருமுறை வந்தது. சாப்பாடு இரண்டு வேளையானது. சப்பாத்தி ஆறு நாலானது. 19 கிலோ சிலிண்டரை மிச்சம் பிடிக்க, பொட்டலில் கிடந்த கருவேல விறகை வெட்டி வந்து பழைய விறகு அடுப்பைக் கூட்டினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மே 1 முதல் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. இவர்கள் முறை வர மாதக் கடைசி ஆயிற்று. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், தினம் சாப்பிட்டவர் கணக்கை எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கினார் வயசாளி ஒருவர். ஒவ்வொருவராக இந்தியில் பெயரும் ஒரு தொகையும் எழுதினார்கள். 200, 300, 500. "சாச்சா, ஊருக்குப் போய் அனுப்புவோம்." மாஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினாலும் நோட்டைத் திருப்பி வாங்கவில்லை. மொய் எழுதும்போது தடுக்கக்கூடாது என்பது அவர் ஊர் வழக்கம்.

அண்ணாச்சி கடையில் நின்றது 2 லட்சத்து 80 ஆயிரம். மனைவியின் வளையலும் இரண்டு பெரிய அண்டாக்களும் போயின. ஒப்பந்தக்காரர் எட்டு மாதம் கழித்துப் பாதித் தொகையைக் கொடுத்து மீதிக்குக் கையை விரித்தார். வடக்கேயிருந்து பணம் சிறுகச் சிறுக வந்தது, செல்போன் வழியாக. போனில் பெயர் ஆங்கிலத்தில் வரும், நோட்டில் இந்தியில் இருக்கும். சின்ன மகள்தான் எழுத்துக் கூட்டிப் படித்து ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். 71 பேர் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் எழுதியது 300, அனுப்பியது 501. மொய்க்கு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு போலிருக்கிறது.

மாஸ்டர் அதற்குப் பிறகு இரண்டு சைட் பார்த்துவிட்டார். இப்போதெல்லாம் முன்பணம் கைக்கு வராமல் அடுப்பு மூட்டுவதில்லை. ஆடி, ஆவணிக்கு மட்டும் ஊர். தென்னை மறுபடி காய்க்கத் தொடங்கிவிட்டது, பந்தலும் திரும்பிவிட்டது.

போன தை மாதம் அந்த ஜார்க்கண்ட் பையன் வீடியோ காலில் வந்தான். குஜராத்தில், கட்ச் உப்புப் பாலையில் இருக்கிறானாம். 30 ஜிகாவாட் அளவுக்குத் திட்டமிட்டு எழுப்பும் காவ்டா மின் பூங்கா வேலை. பின்னால் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை நிலம். "இங்க வாங்க சாச்சா, நம்ம கொட்டகையில தமிழ் ஆளுங்களும் இருக்காங்க. சாம்பார் கேட்டு அழறாங்க."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மாஸ்டர் சம்பளத்தைப் பற்றியோ தூரத்தைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை.

"தண்ணி எப்படிடா அங்க? எத்தனை கிலோமீட்டர்ல இருந்து லாரி வருது?"