கைதட்டிவிட்டு வந்தவர்

1999 ஜனவரி கடைசி. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு ஓய்ந்துகொண்டிருந்தது. ஸ்டோர்களில் காய் உலர்த்தும் வேலை குறைய, ரேடியோவுக்கு வேலை கூடியது. சேப்பாக்கத்தில் இந்தியா, பாகிஸ்தான் டெஸ்ட். 1987க்குப் பிறகு இந்திய மண்ணில் இந்த இரண்டு அணிகளும் ஆடிய முதல் டெஸ்ட் அது. டெல்லியில் தொடங்கவேண்டிய தொடர், கோட்லா ஆடுகளத்தைச் சிவசேனாக்காரர்கள் கொத்திப்போட்டதால் சென்னைக்கு வந்திருந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஷாகித் அஃப்ரிதி 141 அடித்து இந்தியாவைக் கலங்கடித்துவிட்டார். பிறகு வெங்கடேஷ் பிரசாத் வந்து, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட்டுகளை வரிசையாகச் சாய்த்தார். 33 ரன்னுக்கு 6 விக்கெட் என்பது அவருடைய முழுக்கணக்கு. இந்தியா ஜெயிக்க 271 வேண்டும். ஆட்டம் முடியும்போது 2 விக்கெட்டுக்கு 40. களத்தில் சச்சின்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்துவந்த ஒரு ரசிகருக்கு அன்று சாயந்திரம் இருப்புக் கொள்ளவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் திருவல்லிக்கேணியில் இருக்கும் மைத்துனரைக் கூப்பிட்டார். மைத்துனருக்கு மறுநாள் முகூர்த்தம். பெண் வீட்டுப் பக்கம் நெருங்கிய சொந்தம், தப்பிக்க வழியில்லை. "டிக்கெட்டு சும்மாதான் கெடக்கு மச்சான், வந்தா வாங்க" என்றார் அரை மனசாக.

வாங்க என்ற சொல் வாயைவிட்டு வந்தபிறகு யார் நிற்பார்கள்? மாற்றுச் சட்டை ஒன்று, கையில் கொஞ்சம் காசு, பஸ். சென்னை பஸ்ஸுக்குப் போடிக்காரர்கள் அப்போதும் திருவள்ளுவர் பஸ் என்றுதான் சொல்வார்கள். தைப்பூச நேரம். திண்டுக்கல் பக்கம் சாலையோரமாகப் பச்சை வேட்டிகள் பழனிக்கு நடந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு ஒரு மலை, இவருக்கு ஒரு மைதானம். விடிந்தபோது பாரிமுனை.

அன்றைய சேப்பாக்கம் இன்றைய சேப்பாக்கம் அல்ல. கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையை மறைக்கும். இவருக்கு வாய்த்த இருக்கையில், ஒரு பக்கம் பந்து வீசுகிறவர் ஓடிவருவது தெரியும். பந்து கையைவிட்டுப் போகும் இடத்தில் தூண். கழுத்தை இடப்பக்கம் சாய்த்தால் முன்வரிசைக்காரர் தலை. டிவியில் இதைவிட நன்றாகப் பார்த்திருக்கலாம் என்று போடியில் இன்றுவரை கேலி செய்கிறார்கள். அது உண்மைதான்.

ஆனால் டிவியில் தெரியாத ஒன்று உண்டு. டிராவிட், அசாருதீன், கங்குலி என்று வரிசையாகப் போய் 82க்கு 5 விக்கெட் ஆனபோது, கூட்டத்தில் பாதிப்பேர் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நயன் மோங்கியா வந்து சச்சினோடு நின்றார். ஒரு மணி நேரம் போனது, இன்னொன்றும் போனது. பொட்டலங்கள் மறந்துபோயின. முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரர், ஒவ்வொரு நான்குக்கும் இவர் தொடையைத் தட்ட ஆரம்பித்தார். அந்த இணை 136 ரன் சேர்த்தது, மோங்கியா 52. முதுகு வலியில் சச்சின் குனிந்து குனிந்து நிமிர்வது தூணுக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. வலி கூடக்கூட அடியும் கூடியது.

இன்னும் 17 ரன். கையில் 4 விக்கெட். சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்தார் சச்சின். பந்து மேலே போனது. மிட் ஆஃபில் வாசிம் அக்ரம் கீழே நின்றார். 136 ரன்னில் சச்சின் அவுட்.

அப்போது கடல் சத்தம் கேட்டது என்று சிலர் சொல்வதுண்டு. மெரினா பக்கம்தான், இருந்தாலும் அது கதை. நம் ரசிகருக்குக் கேட்டது மைதானத்தின் நடுவில் பாகிஸ்தான் வீரர்கள் கத்திய சத்தம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு பதினொரு பேரின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

பிறகு நடந்தது ஏலக்கூடத்தில் விலை விழுவது மாதிரி. ஜோஷி, கும்ப்ளே, ஸ்ரீநாத். சச்சினையும் சேர்த்து, 254லிருந்து 258க்குள் கடைசி நான்கு விக்கெட்டும் காலி. 12 ரன்னில் தோல்வி. சக்லைனுக்கு இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து.

கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதும், வாசிம் தன் ஆட்களோடு மைதானத்தைச் சுற்றி வந்ததும் உலகமே அறிந்த செய்தி. அதைப் புராணமாக்கத் தேவையில்லை. 1997இல் இதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் கைதட்டிய ஊர்தான் இது. நம் ரசிகர் எழுந்த காரணமோ ரொம்பச் சாதாரணம்: முன்வரிசை எழுந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை, இவரும் எழுந்தார். எழுந்து நின்றபிறகு, தன் பக்கமாக அந்தப் பதினொரு பேர் நடந்து வரும்போது, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. முதலில் மெதுவாகத் தட்டினார். அப்புறம் பக்கத்துக்காரரும் அவரும் பலமாகவே தட்டினார்கள். ஆட்ட நாயகன் விருது சச்சினுக்கு. வாங்க அவர் வெளியே வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் விசாரணை. "அவன் ஜெயிச்சதுக்கு நீ ஏன்யா கைதட்டுன?"

"பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போனது நானு. யாருக்குத் தட்டணும்னு நான் பாத்துக்கிறேன்."

அந்த வாரமே டெல்லியில் கும்ப்ளே ஓர் இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் எடுத்து, 74 ரன் மட்டும் கொடுத்து எதிரணியை முடித்துவைத்தார். ஊர் சமாதானமாகிவிட்டது. இவர் ஆகவில்லை. டெல்லி ஆட்டத்தை எல்லாரும் டிவியில் பார்த்தார்கள், தோற்ற ஆட்டத்தைத் தான் நேரில் பார்த்தோம் என்பதில் அவருக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. 2008 டிசம்பரில் அதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 387ஐத் துரத்திப் பிடித்தபோது, சச்சின் 103 ரன்னோடு கடைசிவரை நின்றார். "இப்பவாவது கணக்கு தீந்துச்சா?" என்று கேட்டவர்களிடம், அது வேற கணக்கு என்றார்.

2011இல் மைதானம் புதுப்பிக்கப்பட்டுத் தூண்கள் போய்விட்டன. 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னைக்கே நேர் ரயிலும் வந்துவிட்டது. அவர் இன்னும் ஏறவில்லை. அந்தப் பந்தைச் சச்சின் தூக்கி அடித்திருக்கவேண்டுமா, ஒன்றிரண்டாகத் தட்டியிருந்தால் போதாதா என்று யாராவது ஆரம்பித்தால் போதும், தராசைக் கீழே வைத்துவிட்டு, "பின்னால வந்த நாலு பேரும் 17 ரன் அடிக்க முடியாதவங்களா?" என்று ஜோஷியிலிருந்து தொடங்குவார்.