அண்ணன் வீட்டு அஸ்பெர்ஜ்

பேத்திக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். "பால் சுரக்க நல்லது, தண்ணீர்விட்டான் கிழங்கு வாங்கி வாருங்கள்" என்றாள் என் மனைவி. பெரியபாளையம் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைக்காரர் காய்ந்த கிழங்கை எடை போட்டுக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியதும் எனக்கு அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்துவிட்டது. சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். பாடப் புத்தகத்தில் அஸ்பெர்ஜ், ஜாம்போன் என்று இரண்டு சொற்கள் வரும். அஸ்பெர்ஜ் என்றால் என்ன சார் என்று கேட்டேன். "முருங்கைக்காய் மாதிரி ஏதோ ஒன்று, எழுத்துப் பிழை இல்லாமல் எழுது, போதும்" என்றார் வாத்தியார். அவரும் பார்த்ததில்லை. ஜாம்போன் பன்றித் தொடை என்று தெரிந்ததும், சைவ வீட்டுப் பிள்ளையான நான் அந்தப் பக்கத்தையே வேகமாகப் புரட்டிவிடுவேன்.

1962 ஆகஸ்ட் 16-இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனான நான் அப்பாவோடு இந்தியன் ஆனேன். பத்தொன்பது வயது அண்ணன் எழுதிக் கொடுத்தான். பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினான்.

1965-இல் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "பட்டாளத்தில் ஜாம்போன் போடுகிறார்கள். பசியில் சாப்பிட்டேன். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை" என்று எழுதியிருந்தான். அப்பா படித்தார், மடித்தார், எழுந்து போனார். அதன் பிறகு அவர் அண்ணனுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. 1983-இல் காலமானார். அண்ணனால் கொள்ளி வைக்க வர முடியவில்லை. நான்தான் வைத்தேன்.

நான் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளி, ஓய்வு பெற்று, மகனுக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை என்பதால் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். 2012 மே மாதம் அண்ணன் டிக்கெட் அனுப்பினான். நானும் மனைவியும் ஸ்ட்ராஸ்பூர்க் போனோம்.

மறுநாளே எங்களைப் பக்கத்திலுள்ள ஹோர்ட் என்ற கிராமத்துக்குக் காரில் அழைத்துப் போனான். மணற்பாங்கான பூமி. 1873-இல் ஒரு பாதிரியார் அங்கே அஸ்பெர்ஜ் பயிரைக் கொண்டுவந்தாராம். வயல் முழுக்க நீள நீளமாக மண் அணைத்த மேடுகள். முளை வெயிலைப் பார்த்தால் பச்சையாகிவிடும், அதனால் மண்ணுக்குள்ளேயே வளரவிட்டு, தலை நீட்டும் நேரம் பார்த்து நீள உளியால் அறுத்தெடுக்கிறார்கள். கட்டைவிரல் பருமன், தந்த நிறம். ஏப்ரலில் தொடங்கி ஜூன் 24-ஆம் தேதியோடு அறுப்பு நின்றுவிடும். அதன் பிறகும் அறுத்தால் வேர் இளைத்து மறுவருஷம் சரியாக முளைக்காது.

"இது நம் தண்ணீர்விட்டானின் பங்காளிடா தம்பி" என்றான் அண்ணன். ஒரே இனச் செடிகள்தான். நாம் கிழங்கை எடுத்துக்கொண்டோம், அவர்கள் முளையை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அண்ணி தோல் சீவி, உப்பும் துளி சர்க்கரையும் போட்ட தண்ணீரில் வேகவைத்தார். பக்கத்தில் காகிதம்போல் சீவிய ஜாம்போன். உப்பிலே வாரக்கணக்கில் ஊறி, புகையிலே தொங்கிக் காய்ந்தது. கிட்டத்தட்ட நம் உப்புக்கண்டம்தான். அண்ணன் எங்கள் தட்டுகளில் அஸ்பெர்ஜ் மட்டும் வைத்தான். ஜாம்போன் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான், ஏதோ தப்பு செய்தவன் மாதிரி. எழுபது வயதை நெருங்கியவன்.

எனக்குத் தாங்கவில்லை. "இங்கே தள்ளு அண்ணே" என்று ஒரு துண்டை எடுத்து அஸ்பெர்ஜைச் சுற்றி வாயில் வைத்தேன். முளை வெண்ணெய்போல் கரைந்தது, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. அதன்மேல் உப்பும் புகையும். பொய் சொல்ல மாட்டேன், பிரமாதமாக இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அப்பா போன பிறகு அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, வீட்டுப் பத்திரத்துக்குள் அந்த 1965 கடிதம் இருந்தது. மடிப்பில் கிழிந்து, அரிசிப் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. திரும்பத் திரும்பப் பிரிக்காத காகிதம் மடிப்பில் கிழியாது.

அண்ணன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "இதை ஏன்டா அப்பவே எழுதலை?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. அப்பா கோபத்தில் எழுதாமல் இருந்தார் என்றால், நான் சோம்பலில் எழுதாமல் இருந்தேன். பிறகு எழுத வெட்கம். ஆயுள் முழுக்கக் கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான்!

ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அவனுக்கு அனுப்பிவைத்தேன். ஜாம்போனை அதன் பிறகு நான் தொட்டதில்லை, தொடத் தோன்றவும் இல்லை. அண்ணன் இருக்கிறான், எண்பதைத் தாண்டிவிட்டான். இன்று மாலை போனில் கூப்பிட்டுக் கொள்ளுப்பேத்தி பிறந்ததையும், தண்ணீர்விட்டான் வாங்கி வந்ததையும் சொல்ல வேண்டும்.