எந்த வண்டி? எவர் பணத்தில்?

"பெரியவனானதும் என் ஆசை" என்னும் தலைப்பில் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னோம். மருத்துவராவேன் என்றான் ஒருவன். படையில் சேர்வேன் என்றான் மற்றொருவன். மூன்றாம் வரிசைப் பையன் எழுதியிருந்தான்: "எனக்குக் கல்யாணம் ஆகும்போது புல்லட் தருவார்கள். அதில் ஊரைச் சுற்றுவேன்."

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்பு மையை எங்கே இடுவது? பிழை அவன் ஏட்டில் இல்லை, ஊரில் இருந்தது. ஊரில் மட்டுமா? ஏட்டைத் திருத்த உட்கார்ந்த ஆசிரியரின் வீட்டிலும் இருந்தது! அதே வாரத்தில்தான் நமக்கும் ஒரு புல்லட் பேசி முடிக்கப்பட்டிருந்தது.

வண்டி நமக்குத் தேவை, மறுக்கவில்லை. வீடு திண்டுக்கல் நாகல் நகரில். பள்ளியோ வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில். பேருந்து நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் பறந்துவிடும். அங்கிருந்து சோளக்காட்டுக்கும் முருங்கைத் தோப்புக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் நடை. காலை வெயிலில் ஒருமுறை, மாலை இருட்டில் ஒருமுறை. ஆகவே வண்டி வேண்டும். ஆனால் ஓட்டத் தெரியாது! கலைப் பட்டம் பெற்றோம், கல்வியியல் பட்டம் பெற்றோம். கிளட்சைப் பிடிக்கக் கற்றோமில்லை. பழகுநர் உரிமம் எடுத்தோம். அது ஆறு திங்கள் செல்லும். முப்பது நாள் கழிந்தபின்னரே தேர்வுக்குச் செல்லலாம். தேர்வு என்றால் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். பிறர்க்குத் தேர்வு வைப்பவருக்கு ஒரு தேர்வு!

"வரப்போவது புல்லட், அதிலேயே பழகு" என்று நண்பர் தம் வண்டியைத் தந்தார். குடகனாற்றங்கரைப் பொட்டலில் ஏறி அமர்ந்தோம். அமர்ந்தவுடன் நாம் யாரோ ஓர் அரசர் என்ற எண்ணம்! மெல்லத் திருப்பினோம். கிளட்சைத் திடுமென விட்டோம். எஞ்சின் நின்றது, வண்டி சாய்ந்தது, அரசர் மண்ணில் விழுந்தார். வண்டியின் எடை ஏறத்தாழ 195 கிலோ, நம் எடை 54. தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருவர் ஓடி வந்தனர். நண்பரும் நாமும் சேர்ந்து, நால்வராகத்தான் அதை நிமிர்த்தினோம்.

வண்டியைப் பழிக்கவில்லை. இங்கிலாந்தில் பிறந்து, 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவால் திருவொற்றியூருக்கு வந்து, படைவீரரையும் காவலரையும் சுமந்த வண்டி அது. பழகியவர்க்கு நல்ல துணை. பழகாதவர்க்குப் பெரும் பாரம்.

பழனி சாலையில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர், நம் முழங்கைக் காயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "முதல் வண்டிக்கு மூணே கேள்விதான் சார். உட்கார்ந்தா ரெண்டு காலும் தரையில பதியுதா? எஞ்சினை நிறுத்திட்டுத் தனியாளா பின்னால தள்ள முடியுதா? விழுந்தா நீங்களே தூக்க முடியுமா? மைலேஜ், நிறம் எல்லாம் அப்புறம்."

மூன்றாம் கேள்வி நம் மனத்தில் தங்கிவிட்டது. விழுந்தால் தூக்க முடியுமா? நமக்குக் கைகொடுக்க மூவர் வந்தனர். புல்லட்டுக்குப் பணம் கட்டப்போகும் அந்த மனிதர்மீது அதே பாரம் விழுந்தால், தூக்கிவிட எவர் வருவார்?

மணப்பெண்ணின் தந்தை பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு அரம் போடும் அவர் கைக்குக் கிடைப்பது நாட்கூலிதான். அவர் வீட்டிற்குச் சென்றோம். "வண்டி வேண்டாம், மாமா" என்றோம். அவர் முகம் வாடியது.

"பொண்ணைப் பிடிக்கலையா மாப்பிள்ளை?"

அந்தோ! வேண்டாம் என்பதும் அவமதிப்பாகிவிட்ட காலம் இது. "நீங்க கேட்கலையே, நாங்க ஆசையாச் செய்யறோம். முன்பணமும் கட்டியாச்சு" என்றார். கேட்காமல் தருவது தட்சணை ஆகாதாம்! 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் அன்பளிப்புக்கு இடந்தருகிறது, உண்மை. ஆனால் பட்டியலில் எழுத வேண்டும், வழக்கமானதாக இருக்க வேண்டும், தருபவரின் நிலைமைக்கு மிஞ்சியதாக இருத்தலாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. நாட்கூலி பெறுபவர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டி தருவது எந்த நிலைமைக்கு ஏற்றது?

"பணம் எங்கிருந்து, மாமா?" என்றோம். அவர் தலை குனிந்தார். விடை கதவின் பின்னிருந்து வந்தது: "என் மில்லுப் பணம்."

நமக்கு வாழ்க்கைத் துணையாக வரவிருந்தவரின் குரல் அது. பள்ளியிறுதி முடித்தவுடன் மூன்றாண்டு நூற்பாலை விடுதியில் தங்கிப் பஞ்சுத் தூசிக்கு நடுவே உழைத்தவர். மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை, அது திருமணத்துக்கு! இம்முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயரிட்டு, திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரங்களின் ஆலைகள் பல நடத்தின. கண்டனம் எழுந்தது, பெயர் மறைந்தது. அவர் சேர்ந்த ஆலையில் பெயர் இல்லை, முறை மட்டும் இருந்தது. ஒரு பெண்ணின் மூன்றாண்டு இரவுப்பணியின்மீது ஏறி அமர்ந்துதான் நாம் பள்ளிக்குச் செல்ல இருந்தோம்! சென்று எதைக் கற்பிப்பது? அறநெறியையா?

"அந்தப் பணம் உங்கள் படிப்புக்கு. வண்டியை நாம் வாங்கிக்கொள்கிறோம்" என்றோம். தந்தை இன்னும் தயங்கினார். மகள் தயங்கவில்லை. "வாங்குறது வாங்குறீங்க, எனக்கும் கால் எட்டுற மாதிரி வாங்குங்க. நானும் ஓட்டக் கத்துக்கணும்" என்றார்.

வீட்டில் அம்மா மூன்று நாள் பேசவில்லை. "ஊர் என்ன சொல்லும்? மாப்பிள்ளையிடம் ஏதோ குறை என்று பேசுமே!" என்றார். ஊர் பேசிற்று, உண்மைதான். பேசிய ஊர் தவணை கட்ட வராது என்றோம்.

நூறு சிசி ஸ்பிளெண்டர் வாங்கினோம். எடை 112 கிலோ அளவில். கால் இரண்டும் தரையில் பதிகின்றன. ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரமும் சேர்ந்து அடங்கும் அமைப்பு இருக்கிறது. பழகுபவர்க்கு அது ஒரு காப்பு. விலை புல்லட்டின் பாதியளவு, தவணை இருபத்து நான்கு திங்கள். இருமுறை விழுந்தோம், இருமுறையும் நாமே தூக்கினோம்.

வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்துடன் பள்ளி வாயிலில் நின்றபோது மூன்றாம் வரிசைப் பையன் ஓடி வந்தான். "சீர் வண்டியா சார்?"

"இல்லை தம்பி, சம்பள வண்டி."

அவன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். "எவ்வளவு மாசம் சார் கட்டணும்?" என்று கேட்டான். சொன்னோம். விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். எண்ணட்டும்! மாமனார் வீட்டு வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் இளைஞர்களும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். காலுக்கு எட்டுகிற வண்டி, கைக்கு அடங்குகிற விலை. இவ்விரண்டும் போதும், தலை நிமிர்ந்து ஓட்டலாம்.