நாலு டம்ளர் கணக்கு

காபி குடிக்காதவர்கள் பாக்கியவான்கள். மலைக்குப் போனால் மலையைப் பார்ப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் விடியற்காலை டென்டிலிருந்து தலையை நீட்டி, பனி மூடிய பள்ளத்தாக்கைப் பார்த்து 'ஆஹா' சொல்வதற்கு முன்னால், "காபிக்கு என்னடா வழி?" என்றுதான் கேட்போம். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் இயற்கை எல்லாம் அழகாகத் தெரியும்!

மதுரையில் ஒரே ஆபீஸில், ஒரே வரிசையில் நாற்காலி தேய்க்கும் நாலு பேர் நாங்கள். முரளி, சேகர், பஷீர், அப்புறம் நான். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் லீவில், இரண்டு பைக்கில் ஏதாவது ஒரு மலைக்குப் போய் டென்ட் அடிப்பது வழக்கம். இந்தத் தடவை கீழ்ப்பழநி மலையில் தாண்டிக்குடி. இரண்டு காரணங்கள். ஒன்று, அது காபி விளைகிற ஊர். இன்னொன்று, முரளிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. மார்ச்சில் கிளம்புகிறான். இனி நாலு பேரும் சேர்ந்து மலையேறுவது எப்போது என்று யாருக்குத் தெரியும்? அதனால் இந்தப் பயணத்தில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது, குறிப்பாகக் காபியில் குறையே கூடாது என்று சேகர் உத்தரவு போட்டான்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. காட்டில் காபி போட எந்தச் சாமானை எடுத்துப் போவது?

ஒரு மாசம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பஞ்சாயத்துதான். முதலில் பஷீர். "பொடி பாக்கெட், வெந்நீர், ஸ்பூன். முடிஞ்சுது கதை!" இன்ஸ்டன்ட் கட்சி. அதற்கு வரலாறும் வைத்திருந்தான். பிரேசிலில் காபி மிதமிஞ்சி விளைந்து, விற்க வழியில்லாமல் தவித்தபோது, நெஸ்லே கம்பெனியார் ஆராய்ச்சி செய்து 1938-ல் நெஸ்கஃபேயைக் கொண்டுவந்தார்களாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் அதைத்தான் குடித்தார்களாம்.

"அவன் குடிச்சான்னா, அவனுக்கு எதிரே துப்பாக்கி இருந்தது! எனக்கென்ன தலையெழுத்து?" என்றான் சேகர்.

சேகர் மோக்கா பாட் ஆசாமி. இத்தாலியில் 1933-ல் அல்ஃபோன்ஸோ பியலெட்டி கொண்டுவந்த, எட்டுப் பட்டை வைத்த அலுமினியக் குடுவை. கீழே தண்ணீர், நடுவில் பொடி, மேலே காலி அறை. அடுப்பில் வைத்தால் கீழ் அறையில் ஆவி முட்டி, வெந்நீரைப் பொடி வழியாக மேலே தள்ளிவிடும். பார்க்கவே ஜோராக இருக்கும். எந்த இத்தாலியப் படத்திலோ பார்த்ததிலிருந்து சேகருக்கு அதன் மேல் ஒரு கண்.

முரளி கொண்டுவந்தது பெரிய ஊசி. நிஜமாகவே ஆஸ்பத்திரி ஊசி மாதிரிதான் இருந்தது. ஏரோபிரஸ் என்ற சாதனத்தைப் பார்த்துச் செய்த ஏதோ ஒரு கம்பெனிச் சரக்கு. அசல் ஏரோபிரஸைக் கண்டுபிடித்தவர் ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர். அதற்கு முன்னால் வெகுதூரம் பறக்கும் விளையாட்டு வளையம் செய்து புகழ் பெற்றவர்! 2005-ல் காபிப் பக்கம் வந்தார். குழாயில் பொடியும் வெந்நீரும் போட்டு, கலக்கி, மேலிருந்து அழுத்தினால் காகித வடிகட்டி வழியாகக் காபி டம்ளரில் இறங்கும். சக்கை மாத்திரை வில்லை மாதிரி 'டப்'பென்று வெளியே வந்துவிடும். கழுவுகிற வேலை கிட்டத்தட்ட இல்லை. பிளாஸ்டிக், அதனால் உடையாது.

நடுவே, கையால் பம்ப் அடிக்கும் எஸ்பிரஸ்ஸோ கருவி ஒன்றையும் முரளி செல்போனில் காட்டினான். விலையைப் பார்த்தேன். என் பைக்கின் நாலு மாதத் தவணை! "வாங்கினா வாழ்நாள் முழுக்க உழைக்கும்டா" என்றான். "ஆமாம், நாம உழைக்கணும்" என்றேன்.

என் பங்குக்கு நான் சொன்னது வீட்டு ஃபில்டர். ஓட்டை போட்ட மேல் பாத்திரம், கீழ்ப் பாத்திரம், பொடியை அமுக்கக் குடை மாதிரி ஒரு தட்டு, ஒரு மூடி. கேட்டதும் மூன்று பேரும் சிரித்தார்கள். "அதைப் போய் யாராவது காட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்களாடா? கூடவே ஆட்டுக்கல்லையும் எடுத்துக்க!"

நான் விடவில்லை. "இந்த வெளிநாட்டுச் சாமான் பாதிக்கு மேல கறுப்புக் காபிக்காகச் செஞ்சது. நமக்குப் பால் வேணும். பாலைத் தாங்கணும்னா டிகாக்ஷன் கெட்டியா இருக்கணும்." இது சும்மா வாய்ச் சவடால் இல்லை. உதாரணத்துக்கு ஃபிரெஞ்சு பிரஸ். பொடியை வெந்நீரில் நாலு நிமிஷம் ஊறவைத்து, வலைத் தட்டால் அமுக்கி ஊற்றுவது. அப்படியே குடித்தால் நன்றாகத்தான் இருக்கும். சரிபாதி பால் ஊற்றினால், காபி தூரத்து உறவாகிவிடும். நம் ஃபில்டரிலோ கொஞ்சம் தண்ணீர், நிறையப் பொடி, நிதானமான சொட்டு. போதாக்குறைக்கு நம் பொடியில் இருக்கும் சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. அதனால்தான் அந்தக் கெட்டி.

கடைசியில் ஆபீஸ் தபால் பிரிவுத் தராசில் மூன்றையும் நிறுத்துப் பார்த்தோம். ஊசி 200 கிராம், ஃபில்டர் 310, மோக்கா 420. (தபால் பிரிவுக்காரர் எந்த ஊருக்கு அனுப்பணும் என்று கேட்டார்.) ஒருவரும் விட்டுக்கொடுக்காததால் மூன்றையும் மூட்டை கட்டினோம்.

பொங்கலுக்கு மறுநாள் கிளம்பினோம். சின்ன காஸ் அடுப்பு, 230 கிராம் பியூட்டேன் குப்பி ஒன்று. ரயிலில் போகிறவர்களுக்கும் விமானத்தில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தக் குப்பிக்கு இரண்டிலும் இடம் கிடையாது. பைக் என்பதால் எங்களுக்குப் பிரச்னை இல்லை.

நிலக்கோட்டை தாண்டி, வத்தலக்குண்டு தாண்டி, பட்டிவீரன்பட்டியில் வண்டியை நிறுத்தினோம். காபி வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். சென்னை தி.நகரில் பாண்டி பஜார் இருக்கிறதே, அந்தப் 'பாண்டி' இந்த ஊர்க்காரர்தான். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் நாடார். பஜாரில் எத்தனை தடவை பேரம் பேசியிருப்போம், இது தெரியுமா நமக்கு? அங்கேயே கால் கிலோ பொடி அரைத்து வாங்கினோம். சேகரின் பைக்கே மணக்க ஆரம்பித்தது.

மலை ஏற ஏறக் காற்று மாறுகிறது. தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். அதையும் தாண்டி, நாலாயிரம் அடிக்கு மேலே தாண்டிக்குடி. இங்கே காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. காபிச் செடி வெயிலில் தனியாக நிற்கிற ரகம் இல்லை. மேலே சில்வர் ஓக்கும் பலாவும் குடை பிடிக்க, அந்த மரங்களில் மிளகுக் கொடி தொற்றிக்கொண்டிருக்க, அடியில் நிழலில் சௌகரியமாக வளர்கிறது. எங்கள் ஆபீஸ் மேனேஜர் ஏ.ஸி. அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி!

ஜனவரி என்பதால் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சிவப்புப் பழம் ஒன்றை வாயில் போட்டால் மெல்லிய இனிப்பு. உள்ளே வழுவழுவென்று இரண்டு கொட்டைகள், முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு. சில பழங்களில் ஒரே ஒரு கொட்டை உருண்டையாக இருக்கும். கடையில் 'பீபெரி' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ஒண்டிக்கட்டை இதுதான்.

தெரிந்தவர் மூலம் ஒரு தனியார் தோட்டத்தில் டென்ட் அடிக்க அனுமதி வாங்கியிருந்தோம். காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பிகளா, சுள்ளி பொறுக்கி நெருப்பு மட்டும் மூட்டிராதீங்க. புல்லெல்லாம் காஞ்சு கெடக்கு."

சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களில் நம்மைப் போல வேலைக்குப் போகும் இளைஞர்கள் எத்தனை பேர்! காப்புக் காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது சட்டப்படியும் குற்றம். எங்கள் அடுப்பையும் அவர் சும்மா விடவில்லை. "அங்கிட்டு வேணாம், இங்கிட்டு வைங்க" என்று பாறை மறைவில், சருகெல்லாம் கூட்டித் தள்ளிய இடத்தில் வைக்கச் சொன்னார். காற்று படாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 15 கிராம் காஸ் போதும். காற்று புகுந்தால் காஸும் போகும், பொறுமையும் போகும்.

சாயங்காலம் முதல் போட்டி. முரளியின் ஊசி. வாசனை பிரமாதம்! ஆனால் ஒரு தடவைக்கு ஒரு டம்ளர்தான். ஊற்று, கலக்கு, அழுத்து, கழற்று, கழுவு, மறுபடி ஊற்று. முதல் டம்ளர் வாங்கிய பஷீர் குடித்து முடித்துக் கழுவி வைத்துவிட்டான். மூன்றாவது நான். நாலாவதாக முரளி தனக்குப் போட்டுக்கொண்டபோது இருட்டிவிட்டது. நாங்கள் மூவரும் டென்டில் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். அவன் மட்டும் பாறை மேல் உட்கார்ந்து தனியாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது மோக்கா. அடுப்பின் மூன்று கம்பிகளுக்கு நடுவே அது நிற்பேனா என்றது. சேகர் இடுக்கியால் பிடித்துக்கொண்டே பத்து நிமிஷம் தவம் இருந்தான். டிகாக்ஷன் முதல் தரம். ஆனால் 'மூணு கப்' என்று பெட்டியில் போட்டிருந்தது இத்தாலிக்காரன் கப். நம் டம்ளருக்கு இரண்டு பேருக்குத்தான் வந்தது.

ராத்திரி ஒன்பது மணிக்கு நான் ஃபில்டரை எடுத்தேன். ஆளுக்குக் குவித்த இரண்டு ஸ்பூன் பொடி. அந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று குறைந்துகொண்டே போகும். காபிக்கு அந்தச் சூடு தாராளம். ஊற்றி, மூடி, மஃப்ளரைச் சுற்றி டென்ட் மூலையில் வைத்தாயிற்று. வெளியே ஏதோ ராப்பூச்சி, உள்ளே சொட்டுச் சொட்டாக டிகாக்ஷன். அப்புறம் யாருக்கும் வேலை இல்லை. நாலு பேரும் பேச ஆரம்பித்தோம். ஆபீஸில் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஜெர்மனி வரை பேசினோம். ஒரு மணியாகிவிட்டது.

விடிகாலை பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர். இங்கே ஒரு விஷயம். குப்பிக்குள் திரவமாக இருக்கும் பியூட்டேன் ஆவியானால்தான் அடுப்பு எரியும். குளிரில் ஆவியாகச் சோம்பல் படும். அடுப்பு கார்த்திகை அகல் மாதிரி மினுக்கும். அதனால் பஷீர் அடுப்பிலிருந்து கழற்றிய குப்பியை ராத்திரியே தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். (யாரையோ கட்டிக்கொண்டு தூங்குகிற பாக்கியம் அவனுக்கு மட்டும்!) எவ்வளவு குளிர் என்றாலும் டென்டுக்குள் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. மூடிய இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான்.

பால் பொங்கியது. டிகாக்ஷனை அடுப்பில் நேரே வைக்காமல், கிண்ணத்தோடு வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கினேன். கொதித்தால் கசந்துவிடும். நாலு டம்ளர் வரிசையாக வைத்து ஊற்றப் போகும்போது பெரியவர் வந்து நின்றார். கணக்கு இடித்தது.

"அஞ்சாவது டம்ளர் எடுடா" என்றான் முரளி.

ஊசியாக இருந்தால் அஞ்சாவது ஆளுக்கு இன்னும் ஐந்து நிமிஷம். ஃபில்டரில் அந்த வம்பே இல்லை. எல்லாருக்கும் ஒரு வாய் குறைந்தது, அவ்வளவுதான். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் டம்ளரைக் கையில் வாங்கினோம். கீழே சமவெளி முழுக்கப் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி மேகம். யாரும் பேசவில்லை.

"எப்படி இருக்குங்க ஐயா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. நாப்பது வருசமாப் பழம் பறிக்கிறேன் தம்பி. வீட்டுல டீதான்!" என்று சிரித்தார்.

முரளி காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க போய்க் காபிக்கு என்னடா பண்ணுவேன்?"

சேகர்தான் பதில் சொன்னான். "அந்த ஊசியை எடுத்துட்டுப் போ. ஒரு ஆளுக்குன்னா அதை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது." சொன்ன பிறகுதான் அதில் என்ன சொல்லியிருக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது. எழுந்து போய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தான். எங்கள் சரித்திரத்தில் சேகர் பாத்திரம் கழுவியது அன்றுதான்!

ஆகவே, மலைக்குக் காபிச் சாமான் வாங்கப் போகும் நண்பர்களே, கடைக்காரர் எத்தனை பார் அழுத்தம், எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று சொல்வதை ஒரு காதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் தலையை எண்ணுங்கள். தனி ஆள் என்றால் ஊசி. எடையும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டு பேர், பொறுமைசாலிகள் என்றால் மோக்கா. அடுப்புக் கம்பியில் நிற்கிறதா என்று மட்டும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மூன்றுக்கு மேல் என்றால், சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள், அங்கேயே இருக்கிறது. செலவு பூஜ்யம். அம்மாவிடம் கேட்டு எடுத்துப் போனால் திட்டும் கிடையாது.

மார்ச்சில் முரளி கிளம்பிவிட்டான். பெட்டியில் ஊசியும், அரைக் கிலோ பட்டிவீரன்பட்டிப் பொடியும். அடுத்த பொங்கலுக்கு லீவ் கிடைத்தால் வருவேன் என்கிறான். கிடைக்குமா என்பதை ஜெர்மன் மேனேஜர்தான் சொல்லவேண்டும். எனக்கு இப்போதே தெரிந்தாகவேண்டும். பொடி மூன்று பேருக்கு அளப்பதா, நாலு பேருக்கா?